மருத்துவச் செலவும் நோயாளியின் நலமும்

மருத்துவத்திற்குப் பணம் செலுத்தும் முறைகள் இரண்டு. மருத்துவர் பார்க்குந்தோறும், ஒவ்வொரு பரிசோதனைக்கும், ஒவ்வோர் அறுவை சிகிச்சைக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்துவது ஒன்று. மாதந்தோறும் ஒரு தொகையை முன்னதாகவே செலுத்திவிட்டு, நோய் வந்தபொழுது மேற்செலவின்றியோ சிறு செலவுடனோ சிகிச்சை பெறுவது மற்றொன்று. முதல் முறையில் சிகிச்சை பெருகப் பெருக மருத்துவருக்கு வருவாய் பெருகும். இரண்டாவது முறையில் சிகிச்சை குறையக் குறைய நிர்வாகத்திற்கு மிச்சம் சேரும். ஆகவே முன்னதில் வேண்டாத சிகிச்சை நடைபெறுமோ என்றும், பின்னதில் வேண்டிய சிகிச்சையும் மறுக்கப்படுமோ என்றும் ஐயம் எழுவது இயல்பே.

இந்த ஐயத்தை வாதத்தினால் அன்றி, கணக்கெடுத்துத் தீர்க்க முயன்ற நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். தாய்நாட்டிலேயே பிற மாநிலங்களில் பணிபுரியும் நம்மில் பலர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்திலோ, மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்திலோ மாதந்தோறும் பணம் செலுத்தி வருகிறோம். ஆதலின் அவ்வரலாறு நமக்கும் பயன்படுவதாகும்.

1933-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பாலைவனத்தில், கொலராடோ ஆற்று நீரை லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக்குக் கொண்டுசெல்லும் கால்வாய் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே சிட்னி கார்ஃபீல்டு என்னும் இளம் மருத்துவர் ஒரு சிறு மருத்துவமனையை அமைத்தார். சிகிச்சைக்குச் சிகிச்சை கட்டணம் வசூலித்ததில் மருத்துவமனை கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. பின்னர், வேலையில் நேரும் விபத்துகளுக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் தொழிலாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 சென்டு வீதம் முன்னதாகவே செலுத்த இசைந்தன. பிற நோய்களுக்கெனத் தொழிலாளர் தாமும் நாளொன்றுக்கு 5 சென்டு செலுத்தலாயினர். மருத்துவமனை நிலைபெற்றது. அதனுடன் மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. முன்பு காயமுற்றவர் வந்தால்தான் வருமானம். இப்பொழுது காயம் நேராதிருப்பதே ஆதாயம். எனவே வேலைத்தலத்தில் விபத்துகளைத் தடுப்பதிலும் மருத்துவர் கருத்துச் செலுத்தினார். தொழிலதிபர் ஹென்றி கைசரின் ஆதரவில் இவ்வேற்பாடு அணைக்கட்டுத் தொழிலாளருக்கும், போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளருக்கும் பரவி, 1945-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

மருத்துவச் செலவு மளமளவென ஏறிவந்த காலத்தில், 1973 டிசம்பரில், இத்தகைய நிறுவனங்களை ஊக்குவிக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் கையொப்பமிட்டார். இவற்றிற்குச் சுகாதாரப் பராமரிப்பு நிறுவனங்கள் என்று பெயர். இவற்றையும், செலவைக் கட்டுப்படுத்தும் இவைபோன்ற பிற ஏற்பாடுகளையும் சேர்த்துப் பிற்காலத்தில் 'மானேஜ்டு கேர்' என்று வழங்கலாயினர்.

இவை உண்மையில் சிக்கனமானவையா? ஹெரால்டு லஃப்ட் என்னும் பொருளியல் அறிஞர் அதுவரை கிடைத்த ஆய்வுகளைத் திரட்டி, 1978-இல் விடை கூறினார். இவற்றின் உறுப்பினர்களுக்கு ஆன மொத்தச் செலவு மற்றவர்களுடையதைவிட 10 முதல் 40 சதவிகிதம் வரை குறைவாக இருந்தது. மருத்துவரைக் காணச் செல்வது குறையவில்லை. மருத்துவமனையில் படுக்கையில் சேர்வதே குறைந்தது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. உடல்நலம் உள்ளவர்களே இந்நிறுவனங்களை நாடிச் சேர்ந்திருந்தால், செலவு குறைந்ததில் நிறுவனத்தின் திறமை யாது?

இக்கேள்விக்கு விடை காணும் வாய்ப்பை ராண்டு என்னும் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய பெரும் பரிசோதனை அளித்தது. 1974 முதல் 1982 வரை ஆறு இடங்களில் ஏறத்தாழ 2,750 குடும்பங்கள் அதில் பங்குகொண்டன. எந்தக் குடும்பத்திற்கு எந்த ஏற்பாடு என்பதை அக்குடும்பம் தேர்ந்துகொள்ளவில்லை. திருவுளச்சீட்டு எடுப்பதுபோல் ஒதுக்கப்பட்டது. சியாட்டில் நகரில் 1,100-க்கு மேற்பட்டோர், 1947 முதல் இயங்கிவந்த ஒரு கூட்டுறவு மருத்துவ நிறுவனத்தில் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். ஏனையோர் தமக்கு வேண்டிய மருத்துவரிடம் சென்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை முழுவதும் இலவசம். மற்றவர் செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்றனர்.

1984-இல் முடிவு வெளிவந்தது. சிகிச்சை முழுவதும் இலவசமாகப் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், கூட்டுறவு நிறுவனத்தில் சேர்க்கப்பட்டோர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டது ஏறத்தாழ 40 சதவிகிதம் குறைவு. செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. சீட்டின்படி சேர்க்கப்பட்டவர்களாதலின், நலமுள்ளவர்கள் மட்டுமே சேர்ந்தனர் என்று இதை ஒதுக்க இயலவில்லை. உடல்நலத்திலோ, பொதுவாக நோக்குமிடத்துப் பெரிய வேறுபாடு இல்லை. செலவு குறைந்தது, நலம் குறையவில்லை என்று முடித்துவிடலாம் என்றே தோன்றும்.

ஆனால் ஆய்வாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. பங்குகொண்டோரை வருமானத்தைக் கொண்டும், தொடக்கத்தில் இருந்த நோயைக் கொண்டும் பிரித்துப் பார்த்தனர். 1986-இல் வெளியான அக்கணக்கு வேறொன்றைக் காட்டிற்று. நோயுற்றிருந்த வசதியுள்ளோர் கூட்டுறவு நிறுவனத்தில் சில வகையில் மேம்பட்டனர். நோயுற்றிருந்த ஏழைகளோ, இலவசச் சிகிச்சை பெற்ற ஏழைகளைவிட அதிக நாட்கள் படுக்கையில் கிடந்தனர். கடுமையான நோய்க்குறிகளும் அவர்களிடம் மிகுதியாகத் தென்பட்டன. ஏழை நோயாளியின் நட்டம் மொத்தச் சராசரியில் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று.

பத்தாண்டு கழித்து, 1996-இல், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்களில் நடந்த மற்றோர் ஆய்வு வெளியாயிற்று. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய், மனச்சோர்வு முதலியவற்றால் நெடுநாள் வருந்திய 2,235 பேரை அது நான்காண்டு தொடர்ந்து நோக்கிற்று. இங்கும் சராசரியில் வேறுபாடு இல்லை. ஆனால் முதியோரைத் தனியே எடுத்துப் பார்த்தபொழுது, சுகாதாரப் பராமரிப்பு நிறுவனங்களில் இருந்தோருள் 54 சதவிகிதத்தினருக்கு உடல்நிலை தாழ்ந்தது; தனிக்கட்டண முறையில் அது 28 சதவிகிதமே. ஏழைகளின் நிலையும் அவ்வாறே இருந்தது.

இவற்றைக் கொண்டு முன்பண முறையே தீது எனக் கூறுவது பொருந்தாது. லஃப்டும் ராபர்ட் மில்லரும் 1990-களில் எண்ணற்ற ஆய்வுகளை ஒப்பிட்டபொழுது, தரம் சிலவற்றில் உயர்ந்தும் சிலவற்றில் தாழ்ந்தும் இருக்கக் கண்டனர். நிறுவனங்களைத் திருத்தவும் வழிகள் பிறந்தன. பிரசவித்த தாயை உடனே வீட்டுக்கு அனுப்பும் போக்கைத் தடுத்து, இயல்பான பிரசவத்திற்கு 48 மணி நேரமும், அறுவைப் பிரசவத்திற்கு 96 மணி நேரமும் மருத்துவமனையில் தங்கக் காப்பீடு தரவேண்டும் என 1996-இல் சட்டம் வந்தது. மாரடைப்புக்குப்பின் தரவேண்டிய மருந்து எத்தனை பேருக்குத் தரப்பட்டது என்பது போன்ற கணக்குகளை நிறுவனவாரியாக வெளியிடும் வழக்கமும் வேரூன்றியது. அம்மருந்தைப் பெறுவோர் தொகை ஆண்டுக்காண்டு உயர்ந்து, ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்துவிட்டதால், பிற்பாடு அக்கணக்கையே கைவிட்டனர். அளந்து பார்த்து ஊரறியச் சொன்னதன் பயன் அது.

நம் நாட்டிற்கும் முன்பண முறை புதியதன்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிற்று. மத்திய அரசு ஊழியர் திட்டம் 1954-இல் டில்லியில் தொடங்கிற்று. இலாபம் கருதும் அமெரிக்க நிறுவனங்களும் இவையும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் அவ்வாராய்ச்சிகள் கற்பித்த கேள்வி இவற்றிற்கும் பொருந்தும். ஒரு திட்டத்தில் செலவு குறைந்தது, தரம் குறையவில்லை என்னும் அறிக்கை வருமாயின், அதை மறுக்கவும் வேண்டாம். அப்படியே ஏற்கவும் வேண்டாம். மொழி தெரியாத ஊரில், நாட்கூலியை இழந்து மருந்தக வரிசையில் நிற்கும் நீரிழிவு நோயாளிக்கும் தரம் குறையவில்லையா, அவரைத் தனியே எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். மாதந்தோறும் பணம் செலுத்தும் நமக்கு அவ்வாறு கேட்கும் உரிமை உண்டு.