பட்டம் தந்தனர், மேடை தந்தனரா?

கல்லூரியிலே கற்பது எங்கே? வகுப்பறையில் என்பர் பெற்றோர். நூலகத்தில் என்பர் பேராசிரியர். மாணவரைக் கேளுங்கள், வேறு விடை வரும்: நாடகக் குழுவிலே, சொற்போர் மன்றத்திலே, இரவெல்லாம் விழித்திருந்து அச்சுப்பிழை திருத்தும் இதழறையிலே! பாடம் அறிவைத் தருகிறது. மன்றம் நாவைத் தருகிறது, நடுக்கத்தை நீக்குகிறது, நாலு பேர் நடுவே நிமிர்ந்து நிற்கும் துணிவைத் தருகிறது. அத்தகைய மன்றத்தின் வாயிலில் நின்றுகொண்டு, “நீ வரலாம், நீ வரலாகாது” என்று தரம்பிரிக்கும் உரிமையை எவர் எவருக்குத் தந்தனர்? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்து மாணவர் மன்றங்களின் கதையை இந்தக் கேள்வியோடுதான் நாம் படிக்கிறோம்.

பழைமையான மன்றங்கள் அவை. சொற்போருக்கான யூனியன் 1815-இல் பிறந்தது. நாடகத்துக்கான ஏ.டி.சி. 1855-இல் பிறந்தது. பர்னாண்ட் என்ற மாணவர், மேலிடத்தின் ஆசியை எதிர்பாராமல், ஒரு விடுதியின் பின்னறையில் தொடங்கிய கழகம் அது. அவரே பின்னாளில் ‘பஞ்ச்’ நகைச்சுவை ஏட்டின் ஆசிரியரானார். 1883-இல் ‘ஃபுட்லைட்ஸ்’ தோன்றிற்று. மேடையின் முன்விளிம்பில் வரிசையாய் எரியும் விளக்குகளின் பெயரைத் தாங்கிய நகைச்சுவைக் கழகம். 1889-இல் ‘கிராண்டா’ என்ற மாணவர் இதழ்.

கூச்சம் போக்கும் வேலையை இத்தகைய மன்றங்கள் எப்படிச் செய்தன என்பதற்கு நம் நாட்டவர் ஒருவரே சான்று. 1907 முதல் 1910 வரை டிரினிட்டி கல்லூரியில் பயின்ற சவகர்லால் நேரு, தம் வரலாற்றில் அதைச் சொல்லியிருக்கிறார். அக்கல்லூரியின் சொற்போர்க் குழுவில் ஒரு விதி: ஒரு பருவம் முழுதும் வாய் திறவாத உறுப்பினர் தண்டம் கட்டவேண்டும். நேரு பலமுறை தண்டம் கட்டினாராம்! பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோர் கேட்கப் பேசிய மனிதர், இருபது பேர் முன்னே எழுந்து நிற்கக் கூசிக் காசைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். பேசாமைக்குத் தண்டம் விதிக்கும் விதி நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் பள்ளிகளிலே பேசினால் அல்லவா தண்டம்!

ஃபுட்லைட்சின் பயிற்சி இன்னும் கடுமையானது. ‘ஸ்மோக்கர்’ என்ற சிறு நிகழ்ச்சிகளை அவர்கள் நடத்துவர். புகைபிடித்தவாறே பாட்டுக் கேட்ட பழங்காலக் கூட்டங்களின் மிச்சமான பெயர் அது. சில நிமிடக் காட்சி ஒன்றை மாணவர் தாமே எழுதி, தாமே நடித்துக் காட்டவேண்டும். எதிரே இருப்போர் உடன் பயில்வோர். முகத்துக்காகச் சிரிக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. சிரிப்பு வராத வரி வெட்டப்படும், வந்த வரி வளர்க்கப்படும், தேறியவை ஆண்டிறுதிப் பெருநிகழ்ச்சிக்குப் போகும். எழுதியவனே மேடையில் நின்று தன் எழுத்தின் தோல்வியைக் காதால் கேட்கிறான். அடுத்த வாரம் வேறொன்றை எழுதிக்கொண்டு வருகிறான். எந்தப் பேராசிரியரும் மதிப்பெண் போடாத இந்தப் பாடசாலையிலிருந்து வந்தவர்களுள் ஒருவர் பீட்டர் குக்.

1960-இல் எடின்பரோ விழாவில் அவரும், கேம்பிரிட்ஜ் தோழர் ஜானதன் மில்லரும், ஆக்ஸ்ஃபோர்டின் ஆலன் பென்னட், டட்லி மூர் இருவரும் ‘பியாண்ட் தி ஃபிரிஞ்ச்’ என்ற நிகழ்ச்சியை நடத்தினர். அக்காலத்து இங்கிலாந்தில், மேடையேறும் நாடகத்தின் எழுத்துப்படி முன்னதாகவே அரண்மனை அதிகாரி ஒருவரின் ஒப்புதலைப் பெறவேண்டும். 1737-இல் சட்டமான அந்தத் தணிக்கை 1968 வரை நீடித்தது. அத்தகைய நாட்டில், ஆட்சியில் இருந்த தலைமை அமைச்சர் மேக்மில்லனைப் போலவே பேசி, நடந்து, தடுமாறி, அவரை நகைப்புக்கு ஆளாக்கினார் குக். மேக்மில்லனே ஒருநாள் பார்க்க வந்து அமர்ந்தார். அன்றும் குக் விடவில்லை. அரியணைக்கு முன்னே நடுங்கும் மனிதன் அதைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டால், பழைய நடுக்கம் முழுதாகத் திரும்புவதில்லை. சிரிப்பைக் கூரிய கருவி என்று நாம் மதிப்பது இதனால்தான்.

அந்தக் கருவியைப் பிடிக்கக் கற்றவர்களின் பட்டியலில் பெண்களைத் தேடுங்கள். எங்கே அவர்கள்?

கேம்பிரிட்ஜில் பெண்கள் இல்லாமலில்லை. கர்ட்டன் கல்லூரி 1869-இலும் நியூனம் கல்லூரி 1871-இலும் தொடங்கப்பட்டன. 1890-இல் கணிதத் தேர்வில் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண், முதலிடம் பெற்ற ஆணையும் விஞ்சினார். விஞ்சியும் பட்டம் இல்லை! 1897-இல் பெண்ணுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுத்தபோது எதிர்த்தோர் 1,700-க்கும் மேல்; ஆதரித்தோர் 660 அளவினர். மிதிவண்டி ஏறிய பெண்ணின் உருவப் பொம்மையைத் தெருவின் மேலே தொங்கவிட்டு ஆரவாரித்தனர் படித்த இளைஞர். 1921-இல் மீண்டும் மறுப்பு. வெற்றிக் களிப்பிலே நியூனம் கல்லூரியின் வாயிற்கதவைச் சிதைத்தனர். முழு உரிமையோடு பட்டம் கைக்கு வந்தது 1948-இல்.

பட்டம் வந்தபின்னும் ஃபுட்லைட்சின் கதவு திறக்கவில்லை. பெண் வேடத்தை ஆண்களே கட்டினர். (நம் பாய்ஸ் கம்பெனிகளிலும் அதே கதைதான், ஆகவே வெள்ளையரை மட்டும் நகையாடி நாம் தப்ப இயலாது.) 1932-இல் பெண்களை மேடையேற்றிப் பார்த்தனர். மறு ஆண்டு நிகழ்ச்சிக்கு அவர்கள் சூட்டிய பெயர், ‘இனிப் பெண்கள் வேண்டா’! 1959-இல் நியூனம் மாணவி எலனார் பிரான், பீட்டர் குக்குடன் ‘தி லாஸ்ட் லாஃப்’ நிகழ்ச்சியில் நடித்தார். நடிக்கலாம், உறுப்பினராக முடியாது. ஏன்? மரபாம்! கங்கைக் கரையானாலும் காம் ஆற்றின் கரையானாலும், காரணம் சொல்ல இயலாதவன் கையில் எடுக்கும் கேடயத்துக்கு ஒரே பெயர்தான் போலும்.

இதழ்களின் கதை சற்று வேறு. 1955-இல் நியூனம் வந்த அமெரிக்க மாணவி சில்வியா பிளாத், ‘வார்சிட்டி’ மாணவர் செய்தித்தாளில் எழுதினார். மாணவர் இதழ்களில் அவர் கவிதைகள் வெளியாயின. ஏடு ஏற்றுக்கொண்ட பெண்ணை, எள்ளல் மேடை ஏன் ஏற்கவில்லை? அச்சில் வரும் பெண் கண்ணுக்குத் தெரிவதில்லை, படித்துவிட்டு மடித்து வைத்துவிடலாம் என்பதே நம் கருத்து. மேடையில் நிற்பவளை மடித்து வைக்க இயலாது. அவள் சிரிக்க வைக்கிறாள்; எதைக் கண்டு சிரிப்பது என்பதை அவளே முடிவு செய்கிறாள். ஆண்களின் சபைக்கு அதுதான் உறுத்திற்று.

சொற்போர் மன்றத்திலும் இதே நிலை. நம் மண்ணைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவரை இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். குமாரமங்கலம் சமீன் குடும்பத்து டாக்டர் சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம், 1938-இல் கேம்பிரிட்ஜ் யூனியனின் தலைவராகவே அமர்ந்தார். வெள்ளையன் ஆண்ட காலத்தில், ஆளப்பட்ட நாட்டு இளைஞனுக்கு அந்த நாற்காலி கிட்டிற்று. அவர் தங்கை பார்வதி ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். 1920 முதலே பெண்ணுக்குப் பட்டம் தந்த ஊர் அது. ஆயினும் அங்குள்ள யூனியனில் பெண் முழு உறுப்பினராக 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! நிறத்தின் வேலியைத் தாண்டும் வழி, செல்வமும் செல்வாக்கும் உடைய ஆணுக்கு இருந்தது. அதே வீட்டுப் பெண்ணுக்கு அந்த மன்றத்தில் இடமில்லை. பார்வதி கிருஷ்ணன் 1957-இல் கோவை மக்களின் வாக்கால் நாடாளுமன்றம் சென்றார். அந்த நாளில்கூட, நாட்டின் பேரவையில் பேசிய அப்பெண் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றத்தில் உறுப்பினராக முடியாதவர்!

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. கேம்பிரிட்ஜ் யூனியனில் 1963-இல் பெண்கள் சேர்ந்தனர்; 1967-இல் ஆன் மலலியூ அதன் முதல் பெண் தலைவரானார். ஃபுட்லைட்ஸ் 1964-இல் இணங்கிற்று; தலைமையில் இருந்தவர் எரிக் ஐடில். உள்ளே வந்த முதற் பெண்களுள் ஒருவர் ஜெர்மெய்ன் கிரீர், 1970-இல் பெண் விடுதலை நூல் எழுதி உலகெங்கும் வாதைக் கிளப்பியவர். ஆனால் தலைமை நாற்காலிக்கு மேலும் பல்லாண்டுகள்! 1979-இல்தான் ஜேன் ராவென்ஸ் அதில் முதல் பெண்ணாய் அமர்ந்தார்.

1981-இல் எடின்பரோவில் பெரியர் என்ற நகைச்சுவைப் பரிசை முதன்முறையாக வழங்கியபோது, அதைப் பெற்றது ஃபுட்லைட்சின் ‘தி செல்லார் டேப்ஸ்’. இயக்கியவர் ஜேன் ராவென்ஸ். மேடையில் நின்ற அறுவருள் எம்மா தாம்சன், பென்னி டுவையர் இருவரும் பெண்கள். கழகம் தோன்றி அப்போது 98 ஆண்டுகள் ஆகியிருந்தன.