தலைநகரின் காற்றும் தெருவின் விதியும்

தில்லி மாநகரில் குளிர்காலத்துக் காலைப் பொழுதுகளில் கதிரவன் மங்கியே தோன்றுவான். அதனை வெறும் பனிமூட்டமென்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அம்மூட்டத்தினுள் புகையும் புழுதியும் கலந்துள்ளமையை இன்று அறிவோம். அவற்றுள் கொடியவை 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்கள். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயான இவை, நுரையீரலின் ஆழம் வரை சென்று குருதியிலும் கலக்க வல்லவை.

தலைநகரில் வண்டிப் புகையை அடக்கும் முயற்சிக்கு நீதிமன்றமே வழிகாட்டிற்று. வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1985ஆம் ஆண்டில் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. நகரப் பேருந்துகள் யாவும் 2001 மார்ச் 31க்குள் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவுக்கு மாற வேண்டுமென்பது அதன் ஒரு பகுதி. கெடு தவறிற்று, எனினும் 2002 இறுதிக்குள் டீசல் பேருந்துகள் நகரச் சேவையினின்றும் நீங்கின. ஆனால் வண்டிகளின் தொகை ஆண்டுதோறும் பெருகவே, பெற்ற பயன் சிறுகச் சிறுகக் கரைந்தது.

அதன்பின் வந்தது ஒற்றைப்படை, இரட்டைப்படை விதி. 2008 ஒலிம்பிக் போட்டிகளின்போது பெய்ஜிங் நகர் கையாண்ட முறை இது. தில்லியில் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை, ஞாயிறு நீங்கலாக, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, கார்கள் தம் எண்ணுக்குரிய நாளில் மட்டுமே ஓடலாயின. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், விதி நடப்பிலிருந்த நேரத்தில் நுண்துகள் 14 முதல் 16 விழுக்காடு குறைந்திருந்தது. அதே ஏப்ரலில் இரண்டாம் முறை நடத்தியபோதோ, அவர்கள் பயன் எதுவும் காணவில்லை. குளிர்காலத்தில் புகை நிலத்தையொட்டித் தங்கும். கோடையில் சூடேறிய காற்று அதனை மேலே கொண்டுபோய்க் கலைத்துவிடும்.

விதியின் எல்லையும் குறுகியதே. வண்டிப் புகை நுண்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கென்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் 2016ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று. அதிலும் லாரிகளும் இருசக்கர வண்டிகளுமே பெரும்பங்கு வகித்தன. இருசக்கர வண்டிகளுக்கோ விதிவிலக்கு அளிக்கப்பட்டிருந்தது. 2019 நவம்பர் 4 முதல் 15 வரை மீண்டும் விதி வந்தபோது, அண்டை மாநிலங்களின் வயல்களில் எரித்த வைக்கோற்புகையும் நகரைச் சூழ்ந்திருந்தது. அப்புகைக்குக் காரின் எண் தெரியாதன்றோ!

ஆகவே விதி வீணென்று நாம் கூறவில்லை. நெருக்கடிக் காலத்தில் அது சிறு துணையே. நிலைத்த பயன் தருபவை தூய எரிபொருளும், போதிய பேருந்துகளுமே. தெருவோரக் கடைக்காரருக்கும், சந்தியில் நிற்கும் காவலருக்கும் கார் இல்லாமலிருக்கலாம். ஆயினும் அப்புகையை மிகுதியாய்ச் சுவாசிப்போர் அவர்களே. விதி பதினைந்து நாளில் முடியும். அவர்களோ ஆண்டு முழுவதும் அத்தெருவிலேயே நிற்கின்றனர். இதனை நாம் மறத்தலாகாது.