ஆகாயத்திலிருந்து நாடி பார்த்தவர்

வாலாஜாபாத்தில் என் சிநேகிதர் ஒருவருக்குப் பாலாற்றங்கரையில் தென்னந்தோப்பு இருக்கிறது. சென்ற மாதம் நான் போயிருந்தபோது, ஓரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவர் பிள்ளை, செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்றைக் கைபேசியில் காட்டினான்.

"அப்பா, நம்ம தோப்பிலே வடக்கு மூலை வெளுத்துக் கிடக்கு, பாருங்க."

சிநேகிதர் சிரித்தார். "நாப்பது வருஷமா இந்த மண்ணை மிதிக்கிறேன். ஆகாசத்திலேருந்து பார்க்கிறவனுக்கு என்னடா தெரியும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் 1970-லேயே கிடைத்துவிட்டது. கிடைத்த இடமும் தென்னந்தோப்புதான்!

கேரளத்துத் தென்னைகளை வேர்வாடல் என்ற நோய் வெகு காலமாக வாட்டி வந்தது. அது மரத்தை ஒரேயடியாகக் கொல்லாது; ஓலையைத் தொய்யவிட்டு, காய்ப்பைக் குறைத்து, வருஷக்கணக்கில் உருக்கும். எத்தனை மரங்களுக்கு நோய் என்று ஒவ்வொன்றாக எண்ணி முடிகிற காரியமா?

சர் சி. வி. ராமனிடம் பயின்ற வானிலை நிபுணர் பி. ஆர். பிஷரோட்டி ஒரு யுக்தி செய்தார். ஹெலிகாப்டரில் காமிராவை ஏற்றி, அகச்சிவப்புப் பிலிமில் தோப்புகளைப் படம் பிடிக்கச் செய்தார். உலக யுத்தத்தின்போது தழையாலும் பச்சை வர்ணத்தாலும் மறைத்துவைத்த தளவாடங்களைக் கண்டுபிடிக்க உதவிய பிலிம் அது. ஆரோக்கியமான இலை, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் தாராளமாகத் திருப்பி அனுப்புகிறது. ஆகையால் பிலிமில் செக்கச்செவேலென்று விழும். நோயாளி மரமோ நிறம் மங்கித் தனியே தெரியும்.

இந்தியாவில் தொலையுணர்வுக் கலைக்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்தச் சோதனைதான். 1988 மார்ச் 17-ஆம் தேதி ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்ற நம் செயற்கைக்கோள் விண்ணேறியது. 2018-19-ஆம் ஆண்டுப் படங்களைக் கொண்டு ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் கணக்கிட்டதில், நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 9.78 கோடி ஹெக்டேர், அதாவது நூற்றுக்கு முப்பது பங்கு, சீர்கெட்டிருந்தது.

ஆனால் நாடி பார்ப்பது வேறு, மருந்து கொடுப்பது வேறு. வேர்வாடலுக்கு இன்றும் பூரண சிகிச்சை இல்லை.

மறுநாள் விடியற்காலையில் சிநேகிதர் மண்வெட்டியோடு வடக்கு மூலைக்குப் போவதைத் திண்ணையிலிருந்து பார்த்தேன். அங்கே வாய்க்கால் தூர்ந்து, தண்ணீர் ஏறாமல் கிடந்ததாம். அந்தக் காரணத்தைப் படம் சொல்லவில்லை, மண்வெட்டிதான் சொன்னது. ஆனால் மண்வெட்டியை அந்த மூலைக்கு அனுப்பியது படம்தான்.

இதை அவர் என்னிடம் ஒப்புக்கொண்டார். பிள்ளையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.