களஞ்சியம் உடையோரும் இல்லோரும்
மாத்தளை மாவட்டத்து உணவு நெருக்கடிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீட்டிலே நெல் இருக்குமாயின் நெஞ்சிலே அமைதி இருக்கும் என்பது நம் முன்னோர் வாழ்ந்து கண்ட உண்மை. யாழ்ப்பாணத்து இல்லங்களிற் கொம்பறை இருந்தது. தமிழகத்துச் சிற்றூர்களிற் குதிரும் பத்தாயமும் இருந்தன. ஒடியலையும் புழுக்கொடியலையும் உலர்த்தி வைத்து மழைக்காலத்தைக் கடந்த மக்களுக்குச் சேமிப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அயல்நாடொன்று தன் துறைமுகக் கதவை அடைக்க, அரிசியின் விலை நாள்தோறும் ஏறும் வேளையில், ‘உள்ளபோதே வாங்கி வையுங்கள்’ என்னும் அறிவுரை எல்லார்க்கும் ஒப்பப் பயன்படுமா? வாங்கி வைக்கப் பொருளும், வைத்துக்கொள்ள இடமும் அற்றோர் அக்காலத்தில் என்னவாயினர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு மாத்தளை மாவட்டத்தின் வரலாறு சிறந்ததோர் ஏடாகும்.

மாத்தளை இருவேறு நிலங்கள் சந்திக்கும் மாவட்டம். வடக்கே தம்புள்ளை, கலேவெல, நாவுல, லக்கலை முதலிய பகுதிகள் குளத்தையும் வானத்தையும் நம்பிய வரண்ட நிலங்கள். தெற்கே இரத்தோட்டை, உக்குவெல முதலிய இடங்களில் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் விளையும் குன்றுகள். வடபாகத்துச் சிங்களக் கிராமத்தவர் வயலில் நெல்லும் சேனையிற் குரக்கனும் விளைவித்தனர். நெல்லைச் சேமிக்க ‘பிஸ்ஸ’ என்னும் கூட்டை அமைத்தனர். கொடியாலும் பிரம்பாலும் பெருங்கூடையாகப் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, எலியும் ஈரமும் அணுகாவண்ணம் நிலத்தினின்று உயர்த்தி, மேலே கூரை வேய்ந்த அக்கூடு ஒரு குடும்பத்தின் காப்புறுதியாயிருந்தது. குரக்கனோ நெல்லினும் மேலாக, ஆண்டுகள் சில சென்றாலும் புழுப்பற்றாது இருக்கும் இயல்புடையது. மழை பொய்த்த ஆண்டில் அதுவே உயிர் காத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது இந்நிலத்திற்கு வேறொரு மக்கட் கூட்டம் வந்து சேர்ந்தது. தமிழகத்தினின்றும் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடும் கரம்பையுங் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தொழிலாளர் அவர்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். உயிர் தப்பி வந்தோர்க்கு வயலும் இல்லை; சேனையும் இல்லை; பிஸ்ஸவும் இல்லை. லயத்து அறையொன்றே அவர்தம் உடைமை. அவர்கள் உண்ட அரிசி இந்தியாவினின்றும் கப்பலில் வந்தது. தோட்டத்தார் அதனைக் கொடுத்து அதன் விலையைக் கூலியிற் கழித்தனர். ஆகவே, கிராமத்தவர்க்கு உணவு என்பது தம் முற்றத்திலிருந்த பொருள். தோட்டத் தொழிலாளிக்கோ அது கணக்கேட்டில் எழுதப்பட்ட கடன். ஒரே மாவட்டத்தில், சில மைல் இடைவெளியில், இவ்விரு நிலைகளும் அருகருகே நின்றன.

இவ்வேறுபாட்டின் கொடுமையை முதலில் வெளிப்படுத்திய ஆண்டுகளுள் ஒன்று 1866. ஒரிசாவைப் பெரும்பஞ்சம் வாட்ட, சென்னை மாகாணத்திலும் விளைவு குன்றிய அவ்வாண்டில் இலங்கையில் தானிய விலை உயர்ந்தது. பல நகரங்களிலே மக்கள் வணிகர் பண்டசாலைகளைத் தாக்கினர். தானியத்தை மறைத்து வைத்து விலையேற்றுகின்றனர் என்பதே அவர்தம் குற்றச்சாட்டு. 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தபின் அரிசி மூட்டைகள் விரைந்து வந்தன. வசதி பெருகியது, கூடவே, பிறநாட்டு அரிசியைச் சார்ந்து வாழும் நிலையும் பெருகியது. முதலாம் உலக யுத்தத்தின் முடிவில், 1918ஆம் ஆண்டின் பருவமழை இந்தியாவிற் பொய்த்தமையால், அந்நாடு அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. இலங்கை அரசாங்கம் அரிசி வாணிபத்தைத் தன் கட்டுப்பாட்டிற் கொணர நேர்ந்தது. ஆயினும் நெருக்கடி நீங்கியதும் அப்பாடமும் மறக்கப்பட்டது.

மறந்த பாடத்தை இரண்டாம் உலக யுத்தம் மீண்டும் கற்பித்தது. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு பிறநாடுகளினின்றும், சிறப்பாகப் பர்மாவினின்றும் வந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. ஏப்ரில் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. பர்மா அரிசியை இழந்த இந்தியாவும் தன் தேவையையே முதலில் நோக்கியது. சேர் ஒலிவர் குணதிலக்கா உணவுப் பொறுப்பை ஏற்றார். பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பன் புத்தகம் என்பது வீட்டுக்கு வீடு புகுந்தது. உள்நாட்டுக் கொள்முதல் திட்டத்தின்கீழ் அரசாங்கம் உழவரிடமிருந்து குறித்த விலைக்கு நெல்லைப் பெற்றது. அரிசி பெறும்பொருட்டு இந்தியாவுக்கு இலங்கைப் பிரதிநிதியாகச் சென்ற சேர் டி. பி. ஜயதிலக்கா 1944ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பும் வழியில் உயிர் நீத்தார்.

சங்கக்கடைகள் ஊர்தோறும் தோன்றியதும், கோதுமை மாவும் பாணும் நம் உணவில் நிலைபெற்றதும் இக்காலத்திலேயாகும். தோட்டங்களும் தம் நிலத்தில் ஒரு பகுதியில் உணவுப்பயிர் செய்யுமாறு பணிக்கப்பட்டன. மரவள்ளியும் வற்றாளையும் பலாக்காயும் அரிசிக்குத் துணை நின்றன. இங்கே நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அதே காலத்தில், 1943இல், வங்காளத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். மாகாணங்கள் ஒன்றுக்கொன்று எல்லையை அடைத்தன, வணிகர் பதுக்கினர், விலை எட்டாத உயரத்துக்குச் சென்றது, நிலமற்ற கூலியாளர் முதலில் வீழ்ந்தனர். இலங்கையும் அரிசிக்காகப் பிறரை நம்பிய நாடே. ஆயினும் அத்தகைய பேரழிவு இங்கே நேரவில்லை. எல்லார்க்கும் ஓரளவேனும் கிடைக்கச் செய்த பங்கீடு அதற்கொரு முதன்மைக் காரணம் எனின் மிகையாகாது. களஞ்சியமற்ற லயத்துக் குடும்பத்திற்குக் கூப்பன் புத்தகமே களஞ்சியமாயிற்று.

யுத்தம் ஓய்ந்த பின்னும் துன்பம் ஓயவில்லை. கொரிய யுத்தக் காலத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை மீண்டும் ஏறியது. 1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 2,70,000 தொன் அரிசியைப் பெறுவது அதன் சாரம். வாணிப அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா இதனை நிறைவேற்றினார். அமெரிக்காவின் அதிருப்தியையும் நாடு ஏற்றுக்கொண்டது. இறப்பர் விளையும் மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. மரத்திற் பால் வெட்டியவனின் உழைப்பே கடல் கடந்து சென்று அரிசியாய்த் திரும்பியது. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்தினின்றும் 70 சதமாக உயர்த்தப்பட்டது. 1953 ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசியின் விலை அரசையே அசைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1973, 1974ஆம் ஆண்டுகளின் கதை இன்னும் துயரமானது. உலகெங்கும் தானியமும் எண்ணெயும் விலையேறிய அக்காலத்திற் பங்கீடு குறைக்கப்பட்டது. அனுமதியின்றி நெல், அரிசி கொண்டுசெல்லத் தடை இருந்தமையால் வீதித் தடைகளிற் பயணிகளின் பொதிகள் சோதிக்கப்பட்டன. கிராமத்தவர் குரக்கனும் கிழங்கும் கொண்டு ஓரளவு தாக்குப் பிடித்தனர். தோட்டங்களிலோ மரண விகிதம் கூர்மையாக உயர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அத்தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயிருந்தனர். வாக்கும் காணியும் இல்லாதவர் பசி அதிகாரத்தின் செவிக்கு எட்டுவது அரிது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவரைக் காத்த அரண் தளர்ந்தபோது, அவரிடம் வேறு அரண் எதுவும் இருக்கவில்லை.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்குதற்கில்லை. 2007ஆம் ஆண்டு ஒக்டோபரில் இந்தியா பாசுமதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. பிற நாடுகளும் பின்பற்றின. 2008இன் முற்பகுதியில் உலகச் சந்தை விலை சில மாதங்களில் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. உலக விளைச்சல் அவ்வாண்டிற் குறைவுபடவில்லை என்பதே வியப்பு. அச்சமே விலையை ஏற்றியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் இலங்கையில் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் அவசரகால விதிகள் பிறப்பிக்கப்பட்டுப் பதுக்கல் தேடப்பட்டது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசின் அரிசி சென்னையிலிருந்து கப்பலேறியது. 2023 யூலை 20இல் இந்தியா மீண்டும் வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடுத்து, 2024 செப்டெம்பரிலேயே அத்தடையை நீக்கியது.

இனி, வாங்கிச் சேமித்தலின் நன்மை தீமையை எடைபோடுவோம். விளைந்த காலத்தில், மலிந்த விலையில், தன் குடும்பத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வைப்பது சேமிப்பு. அது சந்தையை வருத்துவதில்லை. விலையேறிய காலத்தில் அக்குடும்பம் சந்தைக்கு வாராமையாற் பிறர்க்கும் நன்மையே செய்கிறது. தட்டுப்பாடு தோன்றிய பின்னர் ஓடிச்சென்று அள்ளிக்கொள்வதோ வேறொரு செயல். நூறு குடும்பங்களுக்கு ஒரு மாதத்திற்குப் போதிய அரிசி ஒரு கடையில் இருப்பதாகக் கொள்வோம். முதலில் வரும் ஐம்பது குடும்பங்கள் இருமாதத்து அரிசியை வாங்கினால் எஞ்சிய ஐம்பதும் வெறுங்கையோடு திரும்பும். அந்த ஐம்பது யாவர்? சம்பள நாள்வரை காத்திருக்க வேண்டியவரே. தோட்டத் தொழிலாளி முதலில் வருதல் எங்ஙனம் இயலும்? நாடுகள் துறைமுகத்தை அடைக்கும்போது நிகழ்வதும் இதுவே, அளவுதான் வேறு.

களஞ்சியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனைத் தனி வீடுகளின் பொறுப்பாக மட்டும் விடலாகாது என்பதே மாத்தளை வரலாறு தரும் பாடம். பண்டகசாலையிற் சேரும் பொருளிற் பாதியை நாட்டு மக்களின் இடர்க்காலத்துக்கென ஒதுக்குக என்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அரசர்க்கு விதித்தது. இன்று இம்மாவட்டத்தில் மொறகஹகந்தை நீர்த்தேக்கம் உண்டு. தம்புள்ளையிற் பெரும் விளைபொருட் சந்தை உண்டு. நாட்டின் பல திசைகளுக்கும் காய்கறி அனுப்பும் அம்மாவட்டத்தின் குன்றுகளில், ஒரு மாதத்து அரிசியை முன்கூட்டி வாங்க இயலாத குடும்பங்களும் உண்டு. பொதுக் களஞ்சியமும், நேர்மையான பங்கீடும், தோட்டத்து மக்கள் மரவள்ளியும் கீரையும் நட்டுக்கொள்ளத் தமக்கென ஒரு துண்டு நிலமும் இருப்பின், அடுத்த முறை ஒரு துறைமுகம் அடைபடும்போது லயத்து அடுப்பு அணையாதிருக்கும். பிஸ்ஸ கட்டிய கிராமத்தவர் அறிவு முழு நாட்டின் அறிவாகும் நாளே அந்நாள்.