இரட்டைக்குழல் துப்பாக்கி: முத்திரை சொல்லும் வரலாறு

பழைய நாணயம், தபால்தலை போலவே பழைய வேட்டைத் துப்பாக்கிகளைச் சேகரிப்போரும் உலகில் பலர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தேடுவது 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரட்டைக்குழல் துப்பாக்கியைத்தான். ஆனால் நாணயத்தில் ஏமாந்தால் பணம் மட்டுமே போகும். துப்பாக்கியில் ஏமாந்தால் கைவிரலும் போகலாம்.

இந்த ஆபத்துக்காகவே இங்கிலாந்தில் குழல்களைச் சோதிக்கும் முறை தோன்றியது. லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்திற்கு 1637-ல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காமில் 1813-ல் தனிச் சோதனைச்சாலை அமைந்தது. வழக்கமான அளவைவிட அதிக மருந்து இட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கிய குழலுக்கு முத்திரை குத்துவார்கள். சோதிக்கப்படாத துப்பாக்கியை விற்பது குற்றம் என்று 1868-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது.

அக்காலக் குழல்கள் பலவும் ‘டமாஸ்கஸ்’ வகையைச் சேர்ந்தவை. புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து சென்ற உருக்கு பயன்பட்டது. ஆனால் டமாஸ்கஸ் குழல் வேறு. இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, ஓர் உருளையின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். அதனால்தான் அழகான சுருள் கோலம் தெரிகிறது. இந்தக் குழல்கள் கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற மருந்து பரவியபோது, அதற்கெனத் தனிச் சோதனை தேவைப்பட்டது. பர்மிங்காமில் 1904 முதல் அதற்குக் கிரீடத்தின் கீழ் ‘என்.பி.’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டன. டமாஸ்கஸ் குழல்கள் சிலவும் இந்தச் சோதனையில் தேறியுள்ளன என்பது குறிப்பிடத்தக்கது. எனவே குழலின் கோலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்து கொள்வார். பிறகு குழல்களைக் கழற்றி, அடிப்பகுதியில் உள்ள முத்திரைகளைப் படிப்பார். ‘நாட் ஃபார் பால்’ (குண்டுக்கு அல்ல) என்ற சொற்கள் இருந்தால், அது வாய் குறுக்கிய குழல் என்றும் 1875-க்கும் 1887-க்கும் இடையே சோதிக்கப்பட்டது என்றும் தெரியும்.

அடுத்து, குழலைத் தொங்கவிட்டு மெல்லத் தட்டுவார். மணி போல ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை விட்டுப்போயிருக்கலாம். பூட்டிய துப்பாக்கியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, குழலுக்கும் பின்தகட்டுக்கும் இடையே ஒளி தெரிகிறதா என்று பார்ப்பார். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், யாரோ பழக்கமில்லாதவர் கை வைத்திருக்கிறார் என்று பொருள்.

மிக முக்கியமானது அளவு. ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் குழலின் விட்டம். அதாவது 0.729 அங்குலம். துரு பிடித்த குழலை உட்புறம் கடைந்து பளபளப்பாக்கி விற்பது பழைய தந்திரம். கடையக் கடைய உள்விட்டம் கூடும், சுவர் மெலியும். முத்திரை மட்டும் அப்படியே இருக்கும்! ஆகவே முத்திரையில் உள்ள அளவையும் இப்போதைய உள்விட்டத்தையும் ஒப்பிட்டே ஆக வேண்டும். தோட்டா அறையின் நீளமும் அப்படித்தான். இரண்டரை அங்குல அறையில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவை இட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம்.

முத்திரை என்பது குழல் சோதிக்கப்பட்ட நாளின் சாட்சி மட்டுமே. அதற்குப் பின் நூறு ஆண்டுகளில் நடந்ததற்கு அது பொறுப்பாகாது. ஐயம் இருந்தால் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் காட்டுவதே முறை. அதுவரை அந்தத் துப்பாக்கி சுவரில் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.