தொற்றின் அளவும் புற்றின் அளவும்: ஆண்களின் ஆசனவாய் எச்.பி.வி. குறித்து

ஆசனவாயைத் தொற்றும் எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா நச்சுயிரி) பற்றிய ஆய்வுகளில் பல யாரிடம் தொற்று அதிகம் என்று எண்ணிச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அந்த எண்ணிக்கை தேவைதான். ஆனால் அதை மட்டும் நம்பி யாருக்குப் பரிசோதனை, யாருக்குத் தடுப்பூசி என்று தீர்மானித்தால் தவறிப்போகும் ஆண்கள் பலர்.

2021-இல் லான்செட் எச்.ஐ.வி. இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, 64 ஆய்வுகளிலிருந்து 29,900 ஆண்களின் தரவுகளைத் திரட்டியது. புற்றுநோய்க்குத் தலையாய காரணமான 16-ஆம் வகை எச்.பி.வி., பெண்களோடு மட்டும் உறவுகொள்ளும் ஆண்களில் எச்.ஐ.வி. இல்லாதோரிடம் 1.8 விழுக்காடு, உள்ளோரிடம் 8.7 விழுக்காடு காணப்பட்டது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் எச்.ஐ.வி. இல்லாதோரிடம் 13.7, உள்ளோரிடம் 28.5. இவற்றின் பக்கத்தில், ஏறத்தாழ அதே காலத்தில் வெளியான மற்றொரு தொகுப்பாய்வின் புற்றுநோய்க் கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்களோடு உறவுகொள்ளும் எச்.ஐ.வி. உள்ள ஆண்களில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 85 பேருக்கு ஆசனவாய்ப் புற்று வருகிறது, எச்.ஐ.வி. இல்லாதோரில் 19 பேருக்கு. தொற்று இருமடங்கு, புற்றோ நான்கு மடங்குக்கும் மேல்! எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண்களின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. அவர்களிடம் 16-ஆம் வகைத் தொற்று 8.7 விழுக்காடுதான்; புற்றுநோயோ லட்சத்துக்கு 32. அதாவது, ஆண்களோடு உறவுகொள்ளும் எச்.ஐ.வி. இல்லாத ஆண்களோடு ஒப்பிட்டால், தொற்று குறைவாக உள்ள இந்தப் பிரிவில் புற்று அதிகம்.

வயது, புகைப்பழக்கம் ஆகியவற்றின் பங்கை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் முதன்மையான விளக்கம் உடலின் எதிர்ப்பாற்றலில் இருக்கிறது. உறவு வழியே நச்சுயிரி உள்ளே வருகிறது. அது போகிறதா, தங்கிவிடுகிறதா என்பதைத் தீர்மானிப்பது எச்.ஐ.வி. தாக்கும் அதே நோய் எதிர்ப்புச் செல்கள். சிட்னியில் 35 வயது கடந்த 617 ஆண்களைப் பின்தொடர்ந்த ஸ்பாங்க் ஆய்வில், புற்றுக்கு முந்தைய உயர்நிலைத் திசுமாற்றங்களில் பல தாமாகவே மறைந்தன. 16-ஆம் வகை நிலைத்துத் தங்கியவர்களிடம் அப்படி மறைவது குறைவாக இருந்தது.

எனவே பரிசோதனைக்கு எதிர்ப்பாற்றல் குறைபாடே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. இதற்கான வலுவான சான்று அமெரிக்காவின் ஆங்கர் ஆய்வு. 35 வயதுக்கு மேற்பட்ட, எச்.ஐ.வி.யோடு வாழும் 4,446 பேரில் உயர்நிலை மாற்றங்களுக்குச் சிகிச்சை தந்தபோது புற்றுநோய் 57 விழுக்காடு குறைந்தது: சிகிச்சை பெற்றோரில் 9 பேர், கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 21 பேர். ஆனால் இம்மாற்றங்களைக் கண்டறியும் சோதனை எளிதன்று. ஆசனவாய்க் குழாயில் அசிட்டிக் அமிலம் நனைத்த துணியை வைத்து எடுத்தபின், உருப்பெருக்கிக் கருவியின் வழியே வெண்மை படர்ந்த இடங்களைத் தேட வேண்டும். அயோடின் தடவினால் நல்ல திசு கருமையேறும், மாறிய திசு மஞ்சளாகவே நிற்கும். தேர்ந்த கைகளுக்குத்தான் இது வசப்படும். அத்தகையோர் செல்வ நாடுகளிலும் குறைவு.

தடுப்பூசிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் 16-ஆம் வகைத் தொற்று பதின்பருவத்திலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் வேகமாக ஏறிப் பின் அநேகமாகச் சமநிலை கொள்கிறது. ஊசி அதற்கு முன்பே வேண்டும். ஆனால் 12 வயதுச் சிறுவனிடம் உன் நாட்டம் என்ன என்று கேட்டு ஊசி போட முடியுமா? பெண்களுக்குப் போட்டால் ஆண்களும் காக்கப்படுவார்கள் என்ற வாதம் ஆஸ்திரேலியாவில் சோதனைக்கு உள்ளானது. 2007-இல் பெண்களுக்கான திட்டம் தொடங்கியபின் பெண்களோடு உறவுகொள்ளும் இளைஞர்களிடம் பால்வினை மருக்கள் குறைந்தன. ஆண்களோடு உறவுகொள்வோரிடம் குறையவில்லை. 2013-இல் அந்நாடு சிறுவர்களையும் திட்டத்தில் சேர்த்தது. இந்தியாவில் உருவான செர்வாவேக் ஊசிக்கு ஆண்களுக்கும் அனுமதி உண்டு. அதைப் பெண்களின் ஊசியாக மட்டும் பேசுவது சிறுவர்களுக்குச் செய்யும் அநீதி.

பன்னாட்டு ஆசனவாய்த் திசுமாற்றச் சங்கத்தின் 2024 வழிகாட்டல், ஆண்களோடு உறவுகொள்ளும் எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கு 35 வயதிலும், எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண்களுக்கு 45 வயதிலும் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது. உருப்பெருக்கிக் கருவி இல்லாத, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்திலும் கையுறையணிந்த விரலால் தடவிப் பார்த்துச் சிறு கட்டியைக் கண்டறிய முடியும். ஓரிரு நிமிடம் போதும். யாரோடு உறவு என்று அந்த மனிதர் வாய்திறந்து சொல்லும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.