வேர் மேலே, கிளை கீழே: எவாஞ்சலியன்ல இருந்து எங்க ஊர் வேப்பமரம் வரைக்கும்

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல ஒருத்தர் கேட்டிருந்தார்: "எவாஞ்சலியன் அனிமேல பத்து வட்டம், நடுவுல கோடுன்னு ஒரு வரைபடம் வருதே, அதை ஏன் மரம்னு சொல்றாங்க?" பதில் சொல்றேன். ஆனா அந்தப் பதில் எங்க ஊர் வெம்பக்கோட்டைல, ஒரு வேப்பமரத்தடியிலதான் போய் முடியும். கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

அந்தப் படத்துக்குப் பேர் செஃபிரோத் மரம். யூத மறைஞான மரபான கபாலாவைச் சேர்ந்தது. கடவுளை மனுஷனால நேரடியா அறிய முடியாது, அவரோட ஆற்றல் பத்து நிலைகளா இறங்கி உலகத்துக்கு வருதுங்கிறது இந்த மரபோட நம்பிக்கை. மேல இருக்கிறது கெத்தெர், அதாவது மகுடம். கீழ இருக்கிறது மல்குத், அதாவது அரசு. நாம வாழற உலகத்தைத் தொடற இடம் அதுதான். 1280கள்ல ஸ்பெயினோட காஸ்டில் பகுதியில, மோசே தெ லெயோன் வழியா வெளியே வந்த சோஹர் நூல் முழுக்க இந்த மரத்தைச் சுத்தியேதான் பேசுது.

இன்னைக்குப் பரவலா இருக்கிற படத்துல 10 வட்டம், 22 பாதை. ஹீப்ரு எழுத்துகளும் 22. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது உடனே உறுத்தும். 10 நோட் இருக்கிற மரத்துக்கு 9 எட்ஜ்தான் இருக்க முடியும். 22 இருந்தா அது மரமே இல்ல, கிராஃப். ஆனா ஒரு விஷயத்துல கபாலாக்காரங்க நம்ம கட்சி: ரெண்டு பேருக்கும் வேர் மேல இருக்கு, கிளை கீழ வருது. பகவத் கீதை 15-ஆம் அத்தியாயத்துல வர்ற அரசமரமும் அப்படியே தலைகீழாத்தான் நிக்குது.

என்னைப் பிடிச்சு நிறுத்தினது இந்தப் படம் இல்ல, அந்த மரபுல இருக்கிற ஒரு சொல்வழக்கு. தல்மூத்ல ஒரு கதை. நாலு அறிஞர்கள் ஒரு தோட்டத்துக்குள்ள போறாங்க. ஒருத்தர் செத்துப்போறார், ஒருத்தருக்குச் சித்தம் கலங்குது, அகிவா மட்டும் பத்திரமா வெளிய வர்றார். நாலாவது ஆள் எலிஷா பென் அபுயா. அவர் 'கன்றுகளை வெட்டினார்'னு கதை சொல்லுது. மார்க்கத்தை விட்டுப் போயிட்டார்னு அர்த்தம். பின்னால வந்த கபாலா அறிஞர்கள் இதே சொல்லை ஆதாம் மேல வச்சாங்க. ஆதாம் பண்ண தப்பு வெறுமனே பழத்தைத் தின்னது இல்ல. ஒண்ணா இருக்க வேண்டிய மரத்துல இருந்து ஒரு பகுதியைத் தனியாப் பிரிச்சதுதான் தப்பு. அவங்க பார்வையில பாவம்னா மரத்தை வெட்டுறது.

இந்த மரம் கிறித்தவர்கள் கைக்கும் போச்சு. 1516-ல ஆக்ஸ்பர்க்ல அச்சான ஒரு கபாலா நூலோட லத்தீன் மொழிபெயர்ப்பு அட்டையில, ஒருத்தர் உட்கார்ந்து இந்தப் பத்து வட்ட மரத்தைக் கையில பிடிச்சிருப்பார். ஆனா கிறித்தவத்துக்கு அதுக்கு முன்னாடியே சொந்த மரம் ஒண்ணு உண்டு: சிலுவை. 13-ஆம் நூற்றாண்டுல புனித பொனவெந்தூர் 'வாழ்வின் மரம்'னு ஒரு தியான நூல் எழுதினார். அதுல சிலுவைங்கிறது பன்னிரண்டு கனி காய்க்கிற மரம். வெட்டிச் செத்த கட்டை திரும்பத் துளிர்க்குதுங்கிற நம்பிக்கை அது.

நம்ம ஊர்லயே இதைப் பார்க்கலாம். போர்த்துகீசியர் 1547-ல பரங்கிமலையில கண்டெடுத்த கல் சிலுவையைப் பாருங்க, கைகளோட முனை மொட்டு மாதிரி விரிஞ்சிருக்கும். கோவில்பட்டி பக்கம் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா கோவில்ல ஆகஸ்ட் திருவிழா கொடிமரத்துல கொடி ஏத்தித்தான் தொடங்கும். தமிழ்க் கத்தோலிக்கருக்கும் அது கம்பம் மட்டும் இல்ல, மரம்.

சரி, இவங்க யாரும் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன மரம் இருந்துச்சு? காவல் மரம். சங்க காலத்துல ஒவ்வொரு மன்னனுக்கும் ஒரு மரம். அது நிக்கிற வரைக்கும்தான் அவன் ராஜா. எதிரி ஜெயிச்சா முதல் வேலையா அதை வெட்டுவான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் எதிரிகளோட கடம்ப மரத்தை வெட்டி முரசு செஞ்சான். சேரன் செங்குட்டுவன் மோகூர்ப் பழையனோட வேப்பமரத்தை வெட்டினான். அதை இழுத்துட்டுப் போக, கணவனை இழந்த பெண்களோட கூந்தலைக் கயிறாத் திரிச்சு யானைகளைப் பூட்டினான்னு பதிற்றுப்பத்தின் பதிகம் சொல்லுது. எத்தனை பெண்களோட முடி தேவைப்பட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதே காலத்துல எழுதப்பட்ட கதையா இல்லாட்டியும், பக்கத்துல வச்சுப் பார்க்க ஒரு சட்டம் இருக்கு. பைபிள்ல உபாகமம் 20-ஆம் அதிகாரம். ஒரு நகரத்தை முற்றுகை போட்டாலும் அதோட கனி மரங்களை வெட்டாதேன்னு சொல்லுது. போர்ல மரத்தை வெட்டினாத்தான் வெற்றின்னு ஒரு ஊர், போர்லயும் மரத்தை வெட்டாதேன்னு ஒரு ஊர்.

அப்படின்னா நம்மாளுங்க மோசமான்னு கேட்டா, நன்னன் கதையையும் சேர்த்துத்தான் பதில் சொல்லணும். நன்னனோட காவல் மரம் மாமரம். அதுல இருந்து விழுந்த ஒரு காய் ஆத்துல மிதந்து வருது. குளிக்கப் போன ஒரு பொண்ணு எடுத்துத் தின்னுடுறா. மரண தண்டனை. அவ எடைக்கு எடை பொன்னுல பாவையும், 81 யானையும் தர்றோம்னு வீட்டுக்காரங்க கெஞ்சுறாங்க. நன்னன் கேக்கலை, கொன்னுட்டான்.

ஒரு மரம், ஒரு கனி, ஒரு பொண்ணு, ஒரு தண்டனை. ஏதேன் தோட்டம் ஞாபகம் வருதுல்ல? வித்தியாசம் என்னன்னா, ஏவாளோட கதையைச் சொன்னவங்க பல நூற்றாண்டா ஏவாளைத்தான் திட்டினாங்க. இங்க பரணர், குறுந்தொகையில, ஒரு கொடுமைக்காரத் தாயைச் சபிக்கணும்னா நன்னன் போற நரகத்துக்குப் போன்னு சபிக்க வைக்கிறார். பழி காயைத் தின்னவ மேல இல்ல, மரத்துக்காக அவளைக் கொன்னவன் மேல. கோசர்கள் அந்த மாமரத்தை வெட்டினாங்க. அதோடயும் முடியலை. புறநானூறு 151-ல பெருந்தலைச் சாத்தனார், பக்கத்துல உட்கார்ந்திருந்த இளவிச்சிக்கோவைத் தழுவ மறுக்கிறார். ஏன்? நீ நன்னன் வழியில வந்தவன்.

இப்போ வெம்பக்கோட்டை. 2022-ல இருந்து வைப்பாற்றங்கரையில தொல்லியல் துறை அகழாய்வு பண்ணி, சங்கு வளையல் துண்டெல்லாம் எடுத்தாங்களே, அதே ஊர்தான். பழையனுக்கு மட்டும் இல்ல, பாண்டியனுக்கும் அடையாளம் வேம்புதான், அவன் சூடின மாலை வேப்பம்பூ. எங்க பெரியம்மா முப்பது வருஷமா பட்டாசு ஆபீஸ்ல வேலை பார்க்கிறாங்க. வெளியூர் ஆளுங்களுக்கு: எங்க பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ்னுதான் சொல்லுவோம். அங்க ஒரு பெரிய வேப்பமரம் இருந்துச்சு. சித்திரை வெயில்ல ரூமுக்குள்ள இருக்க முடியாது, ஆளும் அதிகம். அதனால பாதிப் பேர் மரத்தடியிலதான் உட்கார்ந்து வேலை. இது விதிமீறல். ஒரு ரூமுக்கு இத்தனை பேர், ரூமுக்கு ரூம் இவ்வளவு இடைவெளின்னு கணக்கு வச்சிருக்கிறதே, ஒரு இடத்துல பத்தினா எல்லாரும் போயிடக் கூடாதுன்னுதான். ஆய்வுக்கு வர்ற அதிகாரிகள் எழுதுற குறைகள்ல 'மரத்தடியில் பட்டாசு தயாரிப்பு' அடிக்கடி வரும்.

அந்த ஆபீஸ்லயும் எழுதினாங்க. நிர்வாகம் என்ன பண்ணுச்சு தெரியுமா? ரூம் கட்டலை. ஆளைக் குறைக்கலை. மரத்தை வெட்டிட்டாங்க. மரம் இல்லன்னா மரத்தடி இல்லையே!

அன்னைக்கு ராத்திரி போன்ல பெரியம்மா சொன்னாங்க: "மரம் என்னய்யா தப்பு பண்ணுச்சு? நெழலு குடுத்துச்சு." இப்போ அவங்க வெட்டவெளியில ரெண்டு கம்பு நட்டு, மேல சேலையைக் கட்டி உட்கார்றாங்க. அதே மருந்து, அதே திரி.

இந்த எபிசோடுக்குப் படிக்கும்போது முழுக்க அந்தக் கேள்விதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. வேர் மேல இருக்கா, பத்து வட்டமா, பன்னிரண்டு கனியாங்கிறதை விட எனக்கு இப்போ முக்கியமாப் படுறது இதுதான்: ஒரு மரத்தை என்ன பண்ணாலும், அதுக்குக் கீழ உட்கார்ந்திருந்தவங்க என்ன ஆனாங்க? பரணர் அதைக் கேட்டார். எங்க ஊர் ஆய்வு அறிக்கையில அதுக்கு ஒரு காலம் இல்ல.

உங்க தெருவுல வெட்டுப்பட்ட மரம் ஏதாவது இருந்தா, அதுக்குக் கீழ யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.